கால் நீட்ட ஓர் இடம்

எங்கள் வீட்டில் ஒன்பது வருடங்களாக வேலை செய்யும் அக்காவின் இடது காலை நான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தது போன வருடம் ஆடி மாதத்தில். பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தார். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தார். கெண்டைக்காலில் நரம்புகள் கயிற்று முடிச்சுகளைப் போலப் புடைத்து நின்றன. கரண்டைக்கு மேலே உட்புறத்தில் தோல் காப்பிக்கொட்டை நிறத்துக்குக் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பின் நடுவில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புண்.

"என்னக்கா இது?"

"அதுக்கென்ன டீச்சர், நாலு வீடு நின்னா இப்படித்தேன் இருக்கும். நரம்பு சுத்திக்கிருச்சு."

அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். இந்த "அக்கா"வில் எவ்வளவு மரியாதை இருக்கிறது, எவ்வளவு வசதி இருக்கிறது என்பது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். இதில் அவர் பெயரை எழுதலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

அன்று நான் செய்தது இதுதான்: மருந்து சொன்னேன். வல்லாரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், ராத்திரி கல்லுப்புப் போட்டு வெந்நீரில் காலை வையுங்கள், விளக்கெண்ணெய் தடவுங்கள், பார்லிக் கஞ்சி குடியுங்கள், நெருஞ்சில் கஷாயம் நீரை இறக்கும். ஒரே மூச்சில் ஐந்து. எங்கள் ஆச்சியிடமும் பக்கத்து வீட்டுப் பெண்களிடமும் கேட்டு, எப்போதோ மனதில் தங்கியவை. அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். விளக்கெண்ணெயும் நொச்சி ஒத்தடமும் ஏழெட்டு வருடமாகச் செய்கிறேன் என்றார். பிறகு எழுந்து போய்ப் பாத்திரம் துலக்க நின்றார்.

நான் சொன்ன ஐந்தில் எதற்கும் என் பங்கிலிருந்து ஒன்றும் செலவாகாது என்பது அன்றிரவு படுக்கும்போதுதான் உறைத்தது.

முதலில் காலுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். இதயத்திலிருந்து ரத்தம் இறங்குவது எளிது, ஏறுவதுதான் பாடு. பாதத்திலிருந்து மேலே போக வேண்டிய ரத்தத்தை ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது. ஏறிய ரத்தம் திரும்ப வழியாதபடி சிரைகளுக்குள் ஒருவழிக் கதவுகள் போல அடைப்பிதழ்கள் உள்ளன. அசையாமல் நிற்கிறவரின் கணுக்காலில் சிரையின் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இருக்கும். அவரே நடக்கத் தொடங்கினால், கதவுகள் நன்றாக இருக்கும்பட்சத்தில், அது சில அடிகளில் 30க்குக் கீழே இறங்கிவிடும். ஆக, காலுக்குப் பகை வேலை அல்ல, நிற்பது. வயலில் நடந்து களை எடுக்கிறவளைவிட, துணிக்கடையில் ஒரே இடத்தில் நிற்கிறவளுக்கு இது சீக்கிரம் வரலாம். பரம்பரைக்கும் பங்கு உண்டு. கர்ப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு: உடம்பில் ரத்தம் கூடுகிறது, ஹார்மோன்கள் சிரைச் சுவரைத் தளர்த்துகின்றன, கருப்பை வேறு மேலிருந்து அழுத்துகிறது. கதவுகள் தளர்ந்தால் ரத்தம் தேங்கும், சிரை புடைத்து வளையும், நீர் கசிந்து கால் வீங்கும். கசிந்த ரத்த அணுக்களின் இரும்பு தோலில் படிந்து கறுக்கும். கடைசியில் தோல் வெடித்துப் புண்ணாகும், ஆறாது. இதற்குத் தமிழில் நாளப்புடைப்பு என்று அழகான சொல் இருக்கிறது. யாரும் சொல்வதில்லை. வெரிகோஸ் என்கிறோம், இல்லையென்றால் நரம்பு சுத்திக்கிருச்சு.

நரம்பு என்பது பழைய சொல். யாழின் தந்தியும் நரம்புதான், உடம்பில் ஓடுவதும் நரம்புதான். புறநானூற்றின் 278ஆம் பாட்டை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் நடத்துகிறேன். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் புறமுதுகிட்டான் என்று கேட்டுக் கொதித்துக் களத்தில் தேடிப் போகும் கிழவியின் பாட்டு. அந்தக் கிழவியின் தோளில் நரம்பு எழுந்திருப்பதைச் சொல்லித்தான் பாட்டே தொடங்குகிறது. பதினைந்து வருடமாக அதை நடத்துகிறேன். ஒருமுறைகூட அந்த நரம்பு எதனால் எழுந்தது என்று நான் கேட்டதில்லை, மாணவிகளும் கேட்டதில்லை. வீரத்துக்குப் போய்விடுவோம். எழுதியவள் பெண், அவள் கண் முதலில் உடம்பில் நின்றிருக்கிறது. நாங்கள்தான் அவசரமாகக் கடந்து போயிருக்கிறோம்.

இனி, வைத்தியம். என் தோழிகள் இரண்டு கட்சியாகப் பிரிவது வழக்கம். ஒரு கட்சிக்குப் பாட்டி வைத்தியம் என்றாலே மூடத்தனம். இன்னொரு கட்சி, பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவை ஆண் வைத்தியர்களும் ஆண் விஞ்ஞானமும் சேர்ந்து ஒதுக்கிவிட்டார்கள் என்கிறது. எனக்கு இரண்டாவது கட்சிமேல் பாசம். ஆனால் இந்த விஷயத்தில் இரண்டுமே எனக்குப் போதவில்லை.

இயற்கை என்றாலே பொய் என்று சொல்ல முடியாது. ஐரோப்பாவில் வளரும் குதிரைச் செஸ்ட்நட் மரத்தின் விதைச்சாறு, சிரைத் தளர்ச்சியால் வரும் வலியையும் வீக்கத்தையும் குறுகிய காலத்துக்குக் குறைக்கிறது என்று 2012இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு 17 ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. அதே விதையைப் பச்சையாகத் தின்றால் விஷம். வல்லாரையின் சாற்றை வைத்தும் சிறிய அளவில் ஆய்வுகள் நடந்து, கொஞ்சம் நம்பிக்கை தந்திருக்கின்றன. ஆனால் அது அளந்து பிரித்தெடுத்த சாறு, என் துவையல் அல்ல. மருத்துவர் எழுதித் தரும் டயோஸ்மின் மாத்திரையின் மூலம் ஆரஞ்சு வகைப் பழத்தோலில் இருக்கும் ஒரு பொருள்தான். எங்கே இயற்கை முடிந்து மருந்து தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது கடினம். இவற்றில் எதுவுமே கெட்டுப்போன கதவைத் திரும்பப் பொருத்தாது என்பதும் உண்மை.

நான் சொன்னதில் ஒன்று தவறாகவே இருந்தது. அக்காவை வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துப் போனபோது அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "வெந்நீர் ஒத்தடம் கொடுத்தீங்களா?" சூடு சிரையை விரிக்கும், தேக்கம் கூடும், கறுத்த தோல் சுலபத்தில் வெந்துவிடும். அக்கா என்னைப் பார்க்கவில்லை. "நானா வச்சுக்கிட்டேன்மா" என்றார். என்னைக் காப்பாற்றுவதற்கு அவர் சொன்ன அந்தப் பொய்யை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. புண்ணில் எண்ணெய் போடக்கூடாது என்றும் சொன்னார்கள். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் வலியும் வந்தால், அது ஆழத்துச் சிரையில் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அதை உருவிவிடுவது உயிருக்கே ஆபத்து. இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். கஷாயத்தோடு காத்திருக்கும் வீக்கம் எது, காத்திருக்காத வீக்கம் எது என்பது பார்த்தால் தெரியாது.

சரி, மருத்துவர் கடைசியில் தந்த வைத்தியம் என்ன? முதலில் டாப்ளர் பார்த்தார்கள். தமனியில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே இறுக்கிக் கட்டலாம். கட்டுப்போட்டார்கள். புண் ஆறியதும் அழுத்தக் காலுறை, பிறகு சிரையை அடைக்கும் சிகிச்சை. அதோடு மூன்று வாக்கியம்: ரொம்ப நேரம் நிக்காதீங்க. நடங்க. ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை அரை மணி நேரம் காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி வச்சுப் படுங்க.

இந்த மூன்றையும்விட இயற்கையான வைத்தியம் உலகத்தில் இல்லை. காசு கிடையாது, பக்க விளைவு கிடையாது, அரைக்க வேண்டாம், வடிகட்ட வேண்டாம். அக்கா படியிறங்கும்போது சிரித்தார். "காலைத் தூக்கி வச்சுப் படுக்கணுமாம்ல டீச்சர். எவ வீட்டுல?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

எந்த வீட்டில் ஒரு பெண் காலை நீட்டிப் படுக்கலாம்? பெண் பிள்ளையாகப் பிறந்தவள் நடக்கப் பழகியதுமே கேட்பது, காலை ஒடுக்கி உட்கார், பெரியவர்கள் முன்னால் கால் நீட்டாதே, கால்மேல் கால் போடாதே. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பது பொதுவான பழமொழிதான். ஆனால் மருமகளைப் பார்த்து "உட்கார்ந்து தின்கிறாள்" என்று சொல்லும்போது உட்காருவது குற்றமாகிறது. ரொம்ப வேலை என்றால் "நிற்க நேரமில்லை" என்கிறோம். யோசித்தால் அது நேர் தலைகீழ். அவளுக்கு நிற்பதற்கு மட்டும்தான் நேரம் இருந்தது. கால் பிடித்துவிடுவது என்று ஒரு பணிவிடை உண்டு. வீட்டிலும் சரி, காலண்டர் படத்தில் பாம்பணையிலும் சரி, பிடிக்கும் கை யாருடையது, நீட்டிய கால் யாருடையது என்பதில் சந்தேகம் கிடையாது. எங்கள் அம்மாவுக்கும் இரண்டு காலிலும் நரம்பு புடைத்திருந்தது. அப்பாவின் காலை அவள் பிடித்துவிட்டதை எத்தனையோ இரவு பார்த்திருக்கிறேன்.

பாட்டி வைத்தியம் எனக்குப் போதாமல் போவது இங்கேதான். அந்தப் பாட்டிகளுக்கு நொச்சி தெரிந்த அளவுக்கு ஓய்வும் தெரிந்திருக்கும். காலைத் தூக்கி வைத்தால் வீக்கம் வடிகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம், ஒரு ராத்திரி தூக்கம் போதும். காலையில் பார்த்தால் கால் வற்றியிருக்கும். ஆனாலும் நம் கைக்கு வந்த குறிப்புகளில் இலை இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, கால் பலம் மிளகு இருக்கிறது. "இரண்டு வாரம் அடுப்படிக்குப் போகாதே" என்பது இல்லை. பிரசவத்துக்கு மட்டும் அப்படி ஒரு குறிப்பு உண்டு. பிள்ளைக்காக. மாதவிலக்கின் மூன்று நாளை ஓய்வு என்று சொல்லி நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. தீட்டு என்ற பெயரில் வெளியே தள்ளித்தான் ஒருத்திக்கு ஓய்வு தர முடியும் என்றால் அது என்ன வீடு என்று கேட்க வேண்டியிருக்கிறது. பெண்களின் அறிவு தோற்றுப்போனது என்று நான் சொல்லவில்லை. வேலை நிற்காமல் செய்யக்கூடியவை மட்டும் குறிப்பாகத் தங்கின, வேலையை நிறுத்தச் சொன்னவை உதிர்ந்துபோயின என்கிறேன். எது மருந்து என்பதை மருந்து தின்கிறவள் மட்டும் தீர்மானிக்கவில்லை.

ஓர் இடைச்செருகல். சமையல் மேடையைப் பற்றி. அம்மியும் ஆட்டுக்கல்லும் அரிவாள்மனையும் தரையில் இருந்தன, அடுப்பும் தரையில். குனிந்து, குந்தி, புகை தின்று சமைத்தார்கள். கேஸ் அடுப்பும் மேடையும் வந்தபோது "இனி நின்ன இடத்துலயே சமைக்கலாம்" என்று எங்கள் ஆச்சி ஆச்சரியப்பட்டது நினைவிருக்கிறது. அது விடுதலைதான், அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் மேடை கட்டிய எந்தக் கொத்தனாரும், கட்டச் சொன்ன எந்த வீட்டுக்காரரும், அதற்குத் தகுந்த உயரத்தில் ஓர் இருக்கை வேண்டும் என்று நினைக்கவில்லை. அலுவலகத்தில் மேசை போட்டால் நாற்காலி சேர்ந்தே வரும். சமையலறையில் மேசை மட்டும் வந்தது.

நாற்காலியைப் பற்றி நம் ஊரில் அப்பாவியாகப் பேச முடியாது. யார் திண்ணையில், யார் தரையில், யார் வாசலுக்கு வெளியே என்பது சாதி எழுதி வைத்த வரைபடம். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், ஊராட்சி மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண்மணி கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். ஆக, "உட்காருங்கள்" என்பது வெறும் சுகாதார அறிவுரை அல்ல.

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. நின்று வேலை செய்ய வேண்டிய தொழிலாளர்களுக்கு, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொன்னது. கடைகளுக்கு அது வர எழுபது வருடம் ஆனது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள், விஜி என்ற தையல்காரப் பெண்ணின் முன்முயற்சியில் பெண்கூட்டு என்ற அமைப்பாகச் சேர்ந்து, முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல். ரங்கநாதன் தெருவின் கடைப் பிள்ளைகளை வைத்து வசந்தபாலன் 'அங்காடித் தெரு' எடுத்தது 2010இல். எல்லாரும் பார்த்தோம், அழுதோம். சட்டத்துக்கு அதன்பிறகும் பதினோரு வருடம். நம் சட்டத்திலும் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்றுதான் இருக்கிறது. அந்த வாய்ப்பு யாரால் கிடைக்கும் என்பது எந்தச் சட்டப் பிரிவிலும் இல்லை. வகுப்பில் இந்தத் திருத்தத்தைச் சொன்னபோது, விடுமுறையில் துணிக்கடைக்குப் போகும் மாணவி ஒருத்தி, "ஸ்டூல் போட்ருக்காங்க மேம், அதுல துணி அடுக்கி வச்சிருக்காங்க" என்றாள்.

என் வீடு கடையும் அல்ல, தொழிற்சாலையும் அல்ல. இந்தச் சட்டங்கள் எதுவும் என் சமையலறைக்குள் நுழையாது. 2021இல் அந்தச் செய்தி வந்த அன்று நான் மகிழ்ந்து பத்துப் பேருக்கு அனுப்பினேன். அப்போது அக்கா உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்திருப்பார். என் வீட்டில் ஒன்றரை மணி நேரம் நிற்கிறார், மற்ற மூன்று வீடுகளில் ஆறு மணி நேரம். நானும் வகுப்பில் நாளுக்கு நான்கு மணி நேரம் நிற்கிறேன், எனக்கும் மாலையில் கால் கனக்கிறது. ஆனால் என்னுடையது நடந்துகொண்டே பேசும் நிற்றல், மணியடித்தால் உட்காரும் நிற்றல். இரண்டையும் ஒரே "பெண்களின் கால்வலி" என்று எழுதிவிட ஒரு கவிஞருக்கு ஐந்து நிமிடம் போதும். நான் எழுதவும் செய்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

மருத்துவக் குறிப்பு சொல்வது நல்ல காரியம்தானே, அதில் என்ன பிழை என்று நானே எனக்காக வாதாடிப் பார்த்தேன். ஒருவர் வலியைப் பார்த்து நாம் சொல்லும் மருந்து, அந்த வலியில் நமக்குப் பங்கே இல்லாதபோது ஆறுதல். பங்கு இருக்கும்போது அதே மருந்து நம்மை விடுவித்துக்கொள்ளும் வழியாகிவிடுகிறது. வல்லாரை வாங்கி அரைப்பது அவர் வேலை, குணமாகாவிட்டால் ஒழுங்காகச் சாப்பிடாதது அவர் குற்றம். அழுத்தக் காலுறை வாங்கிக் கொடுத்தபோதும் எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. காலையில் கால் வீங்குவதற்கு முன், படுக்கையிலிருந்து எழும்போதே அதை மாட்ட வேண்டும். அக்கா எழுவது நாலரை மணிக்கு, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க. ஈரத்தில் நிற்கிற காலில், மதுரை வெயிலில் அந்த ரப்பர் உறை. பத்து நாள் போட்டார். பிறகு மடித்துப் பீரோவில் வைத்துவிட்டார். "நல்ல பொருளு டீச்சர், வீணாக்கக் கூடாதுல்ல."

முக்காலி ஒன்று வாங்கினேன், மேடை உயரத்துக்கு. முதல் வாரம் அதில் காய்கறிக் கூடை இருந்தது. "நீங்க நின்னுக்கிட்டு இருக்கும்போது நான் எப்படி?" என்றார். நான் சமையலறையை விட்டு வெளியே போனால் உட்காருகிறார் என்று தெரிந்தது. கொலுசுச் சத்தம் நின்றுவிடும். நான் உள்ளே வந்தால் எழுந்துவிடுவார். ஒன்பது வருடத்தில் நான் அவரை உட்காராதீர்கள் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சிகிச்சைக்குப் போகும் முன் இன்னொரு பேச்சு நடந்தது. "லீவு போட்டாச் சம்பளம் உண்டா?" உண்டு என்றேன். எத்தனை நாள் என்றார். இரண்டு வாரம் என்று வாயில் வந்துவிட்டது. மருத்துவர் சொன்னது ஒரு மாதம். எனக்கு மாதாமாதம் சம்பளத்தோடு விடுப்பு, மருத்துவ விடுப்பு தனி. அந்த இரண்டு வாரம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். எந்தக் கணக்கிலிருந்தும் வரவில்லை, ஒரு பழக்கத்திலிருந்து வந்தது. மறுநாள் ஒரு மாதம் என்று திருத்திச் சொன்னேன். மற்ற மூன்று வீடுகளிலும் பேசிப் பார்த்தேன். ஒரு வீடு பாதிச் சம்பளத்துக்குச் சம்மதித்தது. ஒரு வீடு பார்ப்போம் என்றது. மூன்றாவது வீட்டில் அந்தப் பெண்மணி, அவரும் ஆசிரியைதான், "வெறும் நரம்புக்கு ஒரு மாசமா? எங்க அம்மா நொச்சி போட்டே சரிபண்ணினாங்க" என்றார். என்னால் கோபப்பட முடியவில்லை. ஆடி மாதத்தில் நான் பேசியதும் இந்தக் குரலில்தான்.

அக்கா இப்போது மூன்று வீடுகளுக்குத்தான் போகிறார். புண் ஆறிவிட்டது, கறுப்பு அப்படியே இருக்கிறது, அது போகாது என்கிறார்கள். எங்கள் வீட்டில் பாத்திரத்தை இரவே நாங்கள் துலக்கிவிடுகிறோம். என் மகன் முனகிக்கொண்டு செய்கிறான். காலை பத்து மணிக்கு அவர் வந்ததும் கூடத்தில் பாயை விரித்து, இரண்டு தலையணைமேல் காலை வைத்து, அரை மணி நேரம். முதலில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இப்போது பூண்டு உரித்துக்கொண்டே எதையாவது பேசுகிறார். அழைப்பு மணி அடித்தால் மட்டும் காலைச் சட்டென்று கீழே எடுத்துச் சேலையை இழுத்துவிடுகிறார். யார் என்று பார்க்க நான்தான் எழுந்து போகிறேன்.